அலை ஓய்ந்தது... அவர்கள் என்ன ஆனார்கள்?

2021 ஏப்ரலின் கடைசி நாட்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நீண்டுவிடும். முதல் நாள் இரவே வந்து, நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே டாக்டர் சீட்டு, சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல். வெயில் ஏற ஏறக் கூட்டம் சாலைக்கு வழியும். ஆறடி இடைவெளி என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் மட்டும்தான்.

அத்தனை பேரும் தேடி வந்தது ரெம்டெசிவிர் என்ற ஒரு ஊசி மருந்தை. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் அப்பாவைத் தனியார் மருத்துவமனையில் விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைக்கு அது எப்படிக் காதில் ஏறும்? கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கூட்டம். பிறகு மருந்தை மருத்துவமனைகளுக்கே நேரடியாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. மே 21-ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது.

அந்த வரிசையில் நின்றவர்களில் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தவர்களும் உண்டு. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துபோனவர்களும் உண்டு. நகையை அடகு வைத்தவர்கள் அதை மீட்டார்களா? 'இன்னும் கொஞ்சம் முன்னாடியே அழைத்துப் போயிருந்தால்...' என்ற நினைப்பு இழந்தவர்களை இன்னமும் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா?

தொற்று எத்தனை பேருக்கு, சாவு எத்தனை, தடுப்பூசி எத்தனை பேர் போட்டார்கள் என்று நாள் தவறாமல் எண்ணினோம். மாலை ஆறு மணிச் செய்தியில் மாவட்டவாரியாகப் பட்டியல் வந்தது. எண்ணி முடித்ததும் நோட்டை மூடிவிட்டோம். பிழைத்தவர்கள், இழந்தவர்கள், வேலை போனவர்கள், படிப்பு அறுந்தவர்கள் எல்லோரும் ஓராண்டில், மூன்றாண்டில், ஐந்தாண்டில் எப்படி இருக்கிறார்கள் என்று திரும்பப் போய்க் கேட்கிற வேலை மிகச் சில இடங்களில்தான் நடந்தது. அந்தச் சில இடங்களில் கிடைத்த பதில்கள், நாம் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

அதே கிராமம், அதே பிள்ளைகள்

நல்ல சேதி ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

2019-ஆம் ஆண்டு. பெருந்தொற்று என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம். தமிழ்நாட்டின் கிராமங்களில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கணக்கையும் தமிழ் வாசிப்பையும் ஓர் ஆய்வுக் குழு சோதித்து வைத்திருந்தது. பொருளியல் அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு அது. பிறகு கொரோனா வந்தது, பள்ளிகள் மூடின. 2021 டிசம்பரில் அதே கிராமங்களுக்கு, அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகள். நேரில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். அதோடு விடவில்லை. அடுத்த சில மாதங்களில் மறுபடியும் போனார்கள், அதற்கப்புறமும் போனார்கள்.

முதல் முடிவைப் பார்த்தால் நெஞ்சு பதறும். 2019-இல் அதே ஊரில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, கணக்கில் 0.73 நியம விலக்கம், தமிழில் 0.34 நியம விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். கணக்குத் தெரியாதவர்களுக்காகத் தோராயமாகச் சொல்கிறேன். கொரோனாவுக்கு முந்தைய நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு முன்னால் கணக்கில் 77 பேர் நிற்கிறார்கள். தமிழில் 63 பேர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அடி இன்னும் பலமாக விழுந்திருந்தது.

அடுத்த முடிவுதான் பலரும் எதிர்பாராதது. பள்ளி திறந்து ஆறே மாதங்களில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் மீண்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே கோயில் மண்டபத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ, வேப்பமரத்தடியிலோ ஒரு பாயை விரித்து, ஊரிலேயே படித்துவிட்டு இருந்த ஒரு பெண் பத்து இருபது பிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் திண்ணைகளின் பலனை எண்ணிக் காட்ட முடிந்ததற்குக் காரணம், அதே பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் போனதுதான்.

இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 2021 டிசம்பரோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், ஒரு தலைமுறையே படிப்பை இழந்துவிட்டது என்று எழுதிவிட்டு அழுதிருப்போம். 2022 மே மாதம் மட்டும் போயிருந்தால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருப்போம். இரண்டுமே தவறாகியிருக்கும். விழுந்த ஆழமும் ஏறிய வேகமும் இன்னும் ஏறாமல் மிச்சம் இருக்கும் மூன்றில் ஒரு பங்கும் ஒருங்கே தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று ஓர் அரசு முடிவெடுக்க முடியும்.

■ பள்ளிக் கதவு: திறந்து, மூடி, திறந்து...

2020 மார்ச்: பள்ளிகள் மூடல்.
2021 ஜனவரி 19: 10, 12-ஆம் வகுப்புகள் திறப்பு. பிப்ரவரி 8: 9, 11-ஆம் வகுப்புகள். அடுத்த மாதமே 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்கு மறுபடி மூடல்.
2021 செப்டம்பர் 1: 9 முதல் 12 வரை திறப்பு.
2021 நவம்பர் 1: 1 முதல் 8 வரை திறப்பு.
2022 ஜனவரி: ஒமைக்ரான் அலையில் மூடல். பிப்ரவரி 1 முதல் மீண்டும் வகுப்புகள்.

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவர்.

'கொரோனா பேட்ச்' என்ற முத்திரை

சின்னப் பிள்ளைகளின் கணக்கையும் வாசிப்பையும் அளந்தாயிற்று. அவர்களின் அண்ணன் அக்காக்கள்?

2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி. 2021-இல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றுக்கும் அதே கதை. பிள்ளைகளின் உயிரைக் காக்க எடுத்த முடிவு அது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் மேல் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. 'கொரோனா பேட்ச்', 'ஆல் பாஸ் பேட்ச்'. கல்லூரி வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றால் அந்தப் பெயர் வந்தது. வேலைக்கான நேர்காணலில் வந்தது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வாயிலும் சிரிப்போடு வந்தது. பதினைந்து பதினாறு வயதில், நண்பர்களோடு திரிந்து, சண்டை போட்டு, காதலித்து, தோற்று, உலகம் பழகுகிற காலத்தை ஓர் அறைக்குள் கைபேசியோடு கழித்தவர்கள் அவர்கள். வீட்டில் ஒரே ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட கதை தனி. படிப்பு நின்று கடைக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போன பையன்கள், அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள், இவர்களெல்லாம் அந்த 'பேட்ச்' பெயருக்குள்கூட வரவில்லை.

இவர்களின் மனசைத் தொடர்ந்து பார்க்க ஏதாவது முயற்சி உண்டா என்றால், பக்கத்து மாநிலங்களைச் சொல்ல வேண்டும். 'யங் லைவ்ஸ்' என்ற ஆய்வு 2002 முதல் ஆந்திரம், தெலங்கானா, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய இடங்களில் 12 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. அவர்கள் வாலிபர்களானபோது கொரோனா வந்தது. 2020-இலும் 2021-இலும் தொலைபேசியில் அழைத்து, வேலை, சாப்பாடு, படிப்பு, மனநிலை எல்லாவற்றையும் கேட்டார்கள். ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து தெரிந்த ஒருவரிடம் இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில் கிடைக்கும் விவரம், புதிதாக ஒருவரைப் பிடித்துக் கேட்டால் கிடைக்காது.

சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்கள்

பெருந்தொற்றின் முதல் ஆண்டில், அதாவது 2020-இல், உலகம் முழுக்க மனச்சோர்வு நோயாளிகள் கூடுதலாக 5.3 கோடி, மனப்பதற்ற நோயாளிகள் கூடுதலாக 7.6 கோடி என்று 'லான்செட்' மருத்துவ இதழ் 2021 அக்டோபரில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பெண்களும் இளைஞர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். இந்த எண்கள் உலகெங்கும் தலைப்புச் செய்தியாயின. ஆனால் அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளமான ஆய்வுகளில் பெரும்பகுதி பணக்கார நாடுகளில் நடந்தவை. மற்ற நாடுகளுக்குக் கணித மாதிரி வழியாகத்தான் கணக்கிட்டார்கள்.

தொடர்ந்து கேட்டவர்கள் கண்டது வேறு மாதிரி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டெய்சி ஃபேன்கோர்ட் தலைமையில் 2020 மார்ச் 21-ஆம் தேதி ஓர் ஆய்வு தொடங்கியது. பிரிட்டனில் ஊரடங்கு வருவதற்கு இரண்டே நாள் முன்பு. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். வாராவாரம் கேள்வி. ஊரடங்கு நீள நீள மனம் நொந்துகொண்டே போகும் என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் பதற்றமும் சோர்வும் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருந்தன, பிறகு வாரங்கள் போகப் போகச் சராசரி இறங்கியது. மனிதர்கள் பழகிக்கொண்டார்கள்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் இன்னொரு பிரிட்டன் ஆய்வு கண்ணைத் திறக்கிறது. பல்லாண்டுகளாகக் குடும்பங்களைப் பின்தொடரும் ஒரு பெரிய கணக்கெடுப்பிலிருந்து ஏறத்தாழ 20 ஆயிரம் பேரின் மனநிலையை 2020 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன்பு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் கையில் இருந்தது. நான்கில் மூன்று பேருக்கு மேல் தொடக்கத்திலிருந்து கடைசி வரை நன்றாகவே இருந்தார்கள். 12 சதவீதம் பேர் விழுந்து எழுந்தார்கள். 4 சதவீதம் பேர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 7 சதவீதம் பேர் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தார்கள். இந்தக் கடைசி இரண்டு கூட்டத்திலும் ஏற்கெனவே உடலோ மனமோ நோய்ப்பட்டவர்கள், ஏழைப் பகுதிகளில் குடியிருப்பவர்கள், ஆசிய, கறுப்பின, கலப்பின மக்கள் அதிகம்.

சராசரி மனநிலை தேறிவிட்டது என்ற செய்தியின் அடியில் இந்த 11 சதவீதம் பேர் காணாமல் போகிறார்கள். அவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஆளிடம் மறுபடி மறுபடி போக வேண்டும். வேறு வழி கிடையாது.

வேலைக்குத் திரும்பாத பெண்கள்

நம் நாட்டில் இதே முறையில் கிடைத்த கணக்கு ஒன்று, படிக்கும்போதே கோபம் வருகிற கணக்கு. சி.எம்.ஐ.இ. என்ற பொருளாதாரக் கண்காணிப்பு நிறுவனம் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கு மூன்று தடவை சந்தித்து விவரம் சேகரிக்கிறது. அதை வைத்து பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021-இல் அறிக்கை வெளியிட்டது. ஊரடங்குக்கு முன் வேலையில் இருந்த ஆண்களில் 61 சதவீதம் பேர் வேலையைத் தக்கவைத்தார்கள். வேலை போய், 2020 இறுதி வரை திரும்பாத ஆண்கள் 7 சதவீதம். பெண்களில்? வேலையைத் தக்கவைத்தவர்கள் வெறும் 19 சதவீதம். வேலை போய், ஆண்டு இறுதியிலும் திரும்பாதவர்கள் 47 சதவீதம்.

ஏறக்குறைய பாதிப் பேர். பிள்ளைகள் வீட்டில், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பஸ் ஓடவில்லை, கம்பெனியில் ஆள் குறைப்பு. எல்லாக் காரணமும் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. மாதா மாதம் தன் பெயரில் விழுந்த பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ நின்றுபோகும்போது, வீட்டில் அவள் சொல்லுக்கு இருந்த எடையும் கூடவே இறங்கிவிடுகிறது. பிள்ளையின் பள்ளிக்கட்டணம் முதல் சுய உதவிக் குழுத் தவணை வரை எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை. இதை மனநலக் கணக்கில் எழுதுவதா, சமூகக் கணக்கில் எழுதுவதா? நான் இரண்டிலும் எழுதுவேன். வருமானம் போன பெண்ணின் சோர்வுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம்கூட ஆகாது.

அழ விடாத சாவுகள்

தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். இந்தியா முழுக்க ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. எந்த எண்ணை எடுத்தாலும், அந்தச் சாவுகள் நடந்த விதம்தான் இங்கே முக்கியம்.

நம் ஊர்களில் சாவு என்பது தனி ஆளின் துக்கமாக விடப்படுவதில்லை. சேதி சொல்லி அனுப்புவது, பந்தல் போடுவது, ஒப்பாரி, பங்காளிகள் கூடிக் குளிப்பாட்டுவது, கோடி போடுவது, மறுநாள் பால் தெளிப்பது, பதினாறாம் நாள் காரியம், அதன் பிறகும் மாதக்கணக்கில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி நிமிடம் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெண் சொல்லி அழுவாள். பத்தாவது தடவை சொல்லும்போது அழுகை கொஞ்சம் குறைந்திருக்கும். கொரோனா இதை முழுசாக அறுத்துப்போட்டது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல், முழு உடைக் கவசத்தில் யாரோ நான்கு பேர், தள்ளி நின்று பார்க்க இரண்டு சொந்தக்காரர்கள். வீட்டில் மற்றவர்களும் பாசிட்டிவ் என்றால் அதுவும் இல்லை. கைபேசி வீடியோவில் இறுதிச் சடங்கு பார்த்த மகள்கள் எத்தனை பேர்!

2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் மறித்து ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியதும், உடன் வேலை செய்த மருத்துவர் நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ததும் ஊரறிந்தது. வேறு இடத்தில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய மனைவி நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இறுதிச் சடங்கைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. பயந்த மக்களின் மிருகத்தனத்தை அன்று பார்த்தோம். அதைச் செய்த தெருக்காரர்களும் இன்று அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். அவமானம் அவர்களுக்குள்ளும் எங்கோ இருக்கும்.

ஓராண்டு கடந்தும் துக்கம் கொஞ்சமும் இளகாமல், அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடுமானால் அது சிகிச்சை வேண்டிய நிலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் தன் கையேட்டில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதம் என்று வரையறுக்கிறது. சடங்கு இல்லாமல், கூடி அழாமல் புதைக்கப்பட்ட துக்கம் நம் ஊரில் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்று கேட்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் எது?

இது நீண்ட காலம் இருக்கும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 2003-இல் சார்ஸ் அங்கே 1,755 பேரைத் தொற்றி 299 பேரைக் கொன்றது. சில மாதங்களில் ஒழிந்தது. நோயிலிருந்து பிழைத்த 90 பேரை முப்பது மாதங்கள் கழித்துப் பரிசோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு மனநோய் இருந்தது. நான்கில் ஒருவர் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்திலிருந்து மீளவே இல்லை. நகரம் அந்த நோயை மறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண்கள் ஏறின

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 2019-இல் 13,493 பேர். 2020-இல் 16,883. 2021-இல் 18,925. 2022-இல் 19,834. ஊரடங்கு எல்லாம் எடுத்த பிறகு, 2022-இலும் எண் இறங்கவில்லை. நாடு முழுவதும் இறந்தவர்களில் தினக்கூலிகளின் பங்கும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. 2021-இல் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாடங்காய்ச்சிகள்.

எல்லாவற்றையும் கொரோனாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. கடன், குடும்பத் தகராறு, நோய், குடி என்று ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஆனால் எந்தக் கடன் 2020-இல் வாங்கியது, எந்தக் குடி வேலை போன பிறகு தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகவும் அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் சொன்னது. அது கொரோனாவுக்கு முந்தைய நிலை. ஒரே ஒரு முறை எடுத்த கணக்கு. அன்று பேசியவர்களை மறுபடி சந்தித்துக் கேட்டிருந்தால், இன்று நமக்கு விடை தெரிந்திருக்கும்.

■ பேச ஒரு குரல் வேண்டுமா?

தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104
மத்திய அரசின் டெலி மானஸ்: 14416 (தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது.)
சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050
மனம் தாங்கவில்லை என்றால் இந்த எண்களில் கூப்பிடுங்கள். வீட்டில் யாராவது ஒதுங்கிப் போனால் பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள்.

சென்னைக்கு இது புதிதல்ல

'நம் நாட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1981-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதன்முறையாக மனச்சிதைவு நோயோடு வந்த 90 பேரை மருத்துவர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். பிறகு அந்தப் பொறுப்பை 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பும் மருத்துவர் ஆர். தாராவும் சுமந்தார்கள். 25 ஆண்டுகள். வீடு மாறியவர்களை, ஊர் மாறியவர்களை, திருமணம் முறிந்தவர்களை விடாமல் தேடிப் போனார்கள். அதில் பெரும்பகுதி கைபேசி இல்லாத காலம். 'மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு' என்று உலக மனநல மருத்துவத்தில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இன்று வசதிகள் எவ்வளவோ மேல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுப் பின்னணி கொண்ட மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வீடு, அதே ஆள், மாதா மாதம். ஆய்வாளர்கள் கோடி கோடியாகச் செலவழித்து உருவாக்க விரும்புகிற ஏற்பாடு இது. 'கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்துபோய் இருந்ததா?' உலகம் முழுக்க மனச்சோர்வை முதற்கட்டமாகக் கண்டுபிடிக்கப் பயன்படும் கேள்விகள் இந்த இரண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவற்றைக் கேட்டு எழுதி வைத்தால், ஒரு மாவட்டத்தில் யார் மீள்கிறார், யார் மீளவில்லை என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் துலங்கிவிடும். நிபந்தனைகள் உண்டு. சொன்னது பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. 'ஆமாம்' என்று சொன்னவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வழி இருக்க வேண்டும். சிகிச்சைக்கு வழி செய்யாமல் வலியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போவது கொடுமை. ஏற்கெனவே சுமை சுமக்கும் அந்தப் பெண்களின் ஊக்கத்தொகையையும் உயர்த்தித் தர வேண்டும்.

கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பலர் 2022 இறுதியில் பணி நீட்டிப்பு கிடைக்காமல் தெருவில் நின்று போராடினார்கள். ஐ.சி.யூ.வில் ஒரே இரவில் நான்கைந்து பேர் சாவதைப் பார்த்த இருபத்துச் சொச்ச வயதுப் பெண்கள் அவர்கள். மயானத் தொழிலாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள் யாரிடமும் எவரும் கேட்கவில்லை. கைதட்டி விளக்கேற்றியதோடு சரி.

முதலில் யாரிடம் போவது?

எல்லோரிடமும் ஒரே நாளில் தொடங்க முடியாது. ஒரு பட்டியல் மட்டும் தயாராகவே இருக்கிறது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயது நிரம்பும்போது வட்டியோடு கையில் கிடைக்கும் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்பவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய். தாயோ தந்தையோ ஒருவரை இழந்தவர்களின் குடும்பத்துக்கு மூன்று லட்சம். நல்ல திட்டம். பெயர், முகவரி, பள்ளி, காப்பாளர் எல்லாம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் கோப்பில் இருக்கிறது.

பணம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அந்தக் கோப்பு சொல்லும். பெரியம்மா வீட்டில் அந்தப் பெண் எப்படி நடத்தப்படுகிறாள், பையன் பள்ளியை விட்டு நின்றானா, அப்பாவைப் பற்றிப் பேச வீட்டில் யாராவது இருக்கிறார்களா, வரப்போகும் ஐந்து லட்சத்தின் மேல் எத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்பது கோப்பில் வராது. அதை நேரில் போய் உட்கார்ந்து, அடுத்த ஆண்டும் போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும். 2021-இல் பதின்மூன்று வயதாக இருந்த பிள்ளைகளுக்கு 2026-இல் பதினெட்டு நிறைகிறது. வைப்புத்தொகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவர்கள் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து விடுபடும், மாதத் தொகையும் நிற்கும், அதன் பிறகு அவர்களைத் தேடிப் போக எந்த அலுவலகத்துக்கும் காரணம் இருக்காது. இந்த ஆண்டு பட்டியலைவிட்டுப் போகிறவர்களிடமாவது, போவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசி, தொடர்பு எண்ணையும் சம்மதத்தையும் வாங்கி வைத்துவிட வேண்டும்.